சைவ வீட்டு வேட்டைக் கத்திகள்

எங்கள் வீட்டுக்குள் முட்டை கூட வந்ததில்லை. கேக் வாங்கினால் அட்டையைத் திருப்பி, முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற மனிதர் என் கணவர். அப்படிப்பட்டவருடைய படிப்பறை டிராயர்களில் மான் தோலை உரிக்கிற கத்தி, முயலைக் கீறுகிற கத்தி, மீன் வயிற்றைத் திறக்கிற கத்தி என்று பச்சைத் துணியின்மேல் வரிசையாகப் படுத்திருக்கும். எல்லாம் அமெரிக்காவில் செய்த பழைய வேட்டைக் கத்திகள். இவர் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனவை. டெக்சஸில், ஆலன் என்கிற ஊரில் எங்கள் தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது அலுக்காத வேடிக்கை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடுகிற பாட்லக் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள், "என்ன அங்கிள், இந்த வீக்கெண்ட் எதை வேட்டையாடப் போறீங்க?" என்று கேட்பார்கள். இவரும் சளைக்காமல், "கத்திரிக்காய்தான். ஓடவே ஓடாது" என்பார்.

எனக்குக் கத்தி பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். என்மேல் மணந்தது பழைய தோலும் மினரல் ஆயிலும்தான். துரு வராமலிருக்க அலகில் தடவுகிற அந்த ஆயிலை மருந்துக் கடையில் மலச்சிக்கல் மருந்துகளோடுதான் வைத்திருப்பார்கள். கூடை நிறைய பாட்டில்களோடு நாங்கள் பில் போட நிற்கும்போது அங்கே இருக்கும் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். "கத்திக்குத்தான்" என்று இவர் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வார். அதற்கப்புறம் அவள் பார்க்கிற பார்வை இன்னும் மோசமாக இருக்கும்.

இந்தப் பைத்தியத்துக்கு விதை போட்டதே என் சமையல்தான். அப்போது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் ஓர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். மகன் டேகேர் போகிற வயது. சேனைக்கிழங்கு நறுக்கத் தடிமனாக ஒரு கத்தி வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ளீ மார்க்கெட்டில், உடைந்த பொம்மைகளுக்கும் சாவியில்லாத பூட்டுகளுக்கும் நடுவில் கிடந்த ஒன்றை எடுத்து வந்தார். தோல் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி அடுக்கிச் செய்த கைப்பிடி. சாம்பல் நிறத்தில் குட்டையான அலகு. நான் அதில் சேனை நறுக்கினேன், பூசணிக்காய் பிளந்தேன். ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டு, கழுவாமல் அப்படியே போட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் பாதி அலகில் மேகம் படிந்த மாதிரி நீலமும் கறுப்புமாக ஒரு கறை.

தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அலுவலகத்தில் வேட்டைக்குப் போகிற ஒருவர் இருந்தார், அவரிடம் காட்டிக் கேட்கிறேன் என்று இவர் எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தவரின் முகமே வேறாக இருந்தது. "இது நம்ம ரெண்டு பேரோட வயசையும் விடப் பெரிசும்மா. இதுல போய் ஊறுகாய் போட்டிருக்கே" என்றார். கோபமே இல்லை, குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றோடு அந்தக் கத்தி சமையலறையை விட்டுப் போய்விட்டது. சேனை நறுக்க எனக்கு நல்ல கத்தி அப்புறம் கிடைக்கவே இல்லை.

இந்தக் கத்திகளின் சூட்சுமம் எல்லாம் அந்தச் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. பழைய எஃகின்மேல் கையும் காற்றும் எண்ணெயும் ரத்தமும் பட்டுப்பட்டு, வருஷக்கணக்கில் மெல்லிய படலம் ஒன்று படியும். அதைப் பாட்டினா என்பார்கள். துரு எஃகைத் தின்னும், பாட்டினா எஃகைக் காக்கும். கத்தி எந்த மாதிரி கையில் இருந்தது, என்ன வேலை செய்தது என்பதெல்லாம் அந்த நிறத்தில் தெரியும் என்பார் இவர். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் பிறகு அது வெறும் இரும்புத் தகடுதான், கத்தி சேர்க்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. டிராயரில் இருக்கிற கத்திகள்மேல் தண்ணீர் படக் கூடாது. நான் ஒருமுறை தூசி தட்டலாம் என்று ஈரத்துணியோடு போனதற்கு, "கைக்குழந்தை தூங்கும்போது தண்ணி தெளிப்பியா?" என்று கேட்டார்.

டெக்சஸுக்கு மாறி வந்ததும் பைத்தியம் முற்றிவிட்டது. இங்கே எஸ்டேட் சேல் என்று ஒன்று உண்டு. வீட்டுக்காரர் இறந்துபோனால், பிள்ளைகள் வீட்டைத் திறந்துவிட்டு, உள்ளே இருக்கிற கட்டில், கரண்டி, சட்டை வரை எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டி விற்றுவிடுவார்கள். ஊர் பேர் தெரியாத சனமெல்லாம் செத்தவரின் அலமாரியைத் திறந்து பார்க்கும். வெள்ளியில் தொடங்கி ஞாயிறு வரை நடக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் தோது. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

"இது இரும்பு இல்லம்மா. ஸ்டீல். கார்பன் ஆட் பண்ணியிருக்கான்."

"சனீஸ்வரனுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. ஞாயித்துக்கிழமை போய் வாங்குங்க."

ஞாயிற்றுக்கிழமை போனால் நல்லதெல்லாம் போயிருக்கும். அதனால் முதல் நாளான வெள்ளிக்கிழமையே பல் டாக்டரிடம் போகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். இந்த மனிதருக்கு எத்தனை வரிசைப் பற்கள் என்று அவருடைய மேனேஜர் யோசித்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் கராஜ் வழியாக நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டும். இழவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் குளிப்பதில்லையா, அந்தக் கணக்குதான். கத்தியும் அன்றைக்கு உள்ளே வரக் கூடாது, கராஜிலேயே இருக்க வேண்டும். இதற்கெல்லாம் அவர் வாயே திறக்க மாட்டார். கத்தி கிடைத்த நாளில் குளிரில் குளிக்கச் சொன்னாலும் குளிப்பார்.

எனக்குப் பிடிக்காது என்றேனே தவிர, கூடவே போவேன். ஒருமுறை வடக்கே ஒரு சின்ன ஊரில், இறந்தவரின் மனைவி வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மான் கொம்பில் கைப்பிடி போட்ட கத்தி ஒன்றை இவர் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போய், உங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். யார் அப்படிக் கேட்பார்கள்? பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் வேட்டைக்குப் போவார், ஆனால் சுட மனசு வராமல் திரும்பி வந்துவிடுவார், அந்தக் கத்தியில் ஆப்பிள் தோல்தான் சீவுவார், தோல் அறுந்துபோகாமல் ஒரே சுருளாக வரும் என்று சொல்லிக்கொண்டே போனார். காரில் ஏறியதும் இவர் அந்தக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, ஆப்பிள்" என்றார். ஆலன் வந்து சேரும்வரை திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அதுதான் இவருடைய வழி. மற்றவர்கள் புத்தம் புதிதாக, உறை பிரியாத கத்தியாகத் தேடுவார்கள். இவருக்கு வேலை பார்த்த கத்திதான் வேண்டும். தீட்டித் தீட்டித் தேய்ந்துபோனது, பின்புறத்தால் ஆணி அடித்து நசுங்கினது, கைப்பிடியில் கட்டைவிரல் பள்ளம் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார். கேட்க ஆளில்லாவிட்டால் தானே ஒரு மனிதனை உண்டாக்கிக்கொள்வார்.

இந்தப் பழக்கத்தில்தான் இவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். கத்திக் கண்காட்சிகளில் மேசை போட்டு விற்கிற டெக்சஸ்காரர், நல்ல உயரம், நிஜமாகவே மான் வேட்டையாடுகிறவர். மனைவி இல்லை, தனி ஆள். முட்டை கூடத் தொடாதவரும் மானை உரிக்கிறவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அலகின் அடியில் செய்தவர்கள் குத்தியிருக்கிற முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு அதிகம் இருக்காது. ஒருவர் "ம்" என்றால் இன்னொருவர் "ம்ம்" என்பார். எனக்குப் பார்க்க எரிச்சலாக இருக்கும், என்னோடு அப்படி உட்கார்ந்ததில்லையே என்று.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த நண்பர் கட்டாயம் வந்துவிடுவார். எங்கள் வீட்டு பூஜைக்கு வந்த ஒரே வேட்டைக்காரர். சுண்டலுக்கு ஹலபீன்யோ மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார். அன்றைக்கு மட்டும் கத்திகள் எல்லாம் டிராயரை விட்டு வெளியே வந்து சாமி முன்னால் உட்காரும். ஆனால் பொட்டு வைக்க விடமாட்டார் இவர். சந்தனத்தின் ஈரம் பட்டால் அந்த இடம் துருப்பிடித்துவிடுமாம். அதனால் கத்திக்கு வைக்க வேண்டிய பொட்டைக் கத்தி இருந்த டிராயருக்கு வைப்போம். "சரஸ்வதி வந்து பாத்தா, ஆயுதம் எங்கடான்னு கேக்க மாட்டாளா?" என்று நான் கேட்பேன். "அவளும் கத்தி சேக்கறவளா இருந்தா புரிஞ்சுப்பா" என்பார்.

ரிட்டையர் ஆன மறு வருஷம் இவருக்கு மறதி ஆரம்பித்தது. மறதி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இந்தியன் ஸ்டோருக்குப் போய் கொத்துமல்லி வாங்கி வரக் கிளம்பியவர், ஃப்ரீவேயில் ஏறி ஓக்லஹோமா பக்கம் போய்விட்டார். போனை எடுத்து, "இந்த ரோட்ல நம்ம வீட்டையே காணோமே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு கராஜில் போய் நின்று அழுதேன்.

டாக்டர் ஒரு வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொன்னார். வாழ்நாளெல்லாம் சர்க்யூட் வரைந்து சம்பாதித்த மனிதர், எண்களையெல்லாம் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, மீதி இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு டாக்டர் மேல்தான் கோபம் வந்தது. இந்தக் காலத்தில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள், எல்லாம் போனில்தானே? அறையை விட்டு வரும்போது நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தாள். வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. கூர்மையான பொருட்கள் என்று முதலிலேயே இருந்தது.

மகன் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறான். நான் தமிழில் கேட்க, அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, அப்படியே வளர்ந்த பிள்ளை. அவன் வீட்டுப் பக்கத்திலேயே இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்கிற நல்ல இடம் ஒன்று இருக்கிறது, அப்பா அங்கே இருக்கட்டும், நீ என்னோடு இரு, வீட்டை விற்றுவிடலாம் என்றான்.

"அம்மா, இட்ஸ் நாட் சேஃப். ஹவுஸ் ஃபுல் ஆஃப் நைவ்ஸ்."

"அந்தக் கத்திதான்டா உங்கப்பா."

"ஹீ டஸன்ட் ஈவன் நோ வாட் டே இட் இஸ்."

"எந்த நாள்னு தெரியலைன்னா என்ன? டிராயரைத் திறந்து ஒரு கத்தியை எடுத்துக் கையில குடுத்துப் பாரு. அது யாருது, எங்க வாங்கினது, எல்லாம் சொல்றாரு. தன் கத்தி தனக்குத் தெரியற வரைக்கும் உங்கப்பா இந்த வீட்டை விட்டு நகரமாட்டாரு. தெரியாமப் போற அன்னிக்கு நானே உனக்கு போன் பண்றேன். போதுமா?"

"ஓகே அம்மா" என்றான். அவனுடைய 'ஓகே'யில் அழுகை இருந்தது எனக்குத் தெரிந்தது. எனக்கும் வாய்ச்சவடால் விட்டுவிட்டோமே என்று பயம்தான்.

அதிலிருந்து காலையில் காபி குடித்ததும் எங்களுக்கு இதுதான் வேலை. நான் டிராயரிலிருந்து ஒரு கத்தியை எடுத்து வந்து மேசையில் அவர் முன்னால் வைப்பேன். அவர் எடுப்பார், கட்டைவிரலால் அலகின் முதுகைத் தடவுவார். கண் எங்கேயோ போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். "இது அந்த ஆப்பிள்காரரு" என்பார். எனக்கு மூச்சு வரும். மனிதர் உள்ளேதான் இருக்கிறார், கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கத்தியே பிடிக்காத நான், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடையில் கதைகள் கத்தி மாற ஆரம்பித்தன. ஆணி அடித்து நசுங்கின கத்தியை எடுத்து, "ஆப்பிள் சீவுவாரு" என்றார். நான் திருத்தவில்லை. கதை மாறினால் என்ன, கதை இருக்கிறதே. மகனிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாள் அது இல்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். தீர்மானிக்கிறவளும் நான், அந்தத் தீர்மானத்தால் பிழைக்கிறவளும் நான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வாழையிலை, பொரி, பூசணிக்காய் வாங்கப் போக வேண்டியிருந்தது. இவர் டி.வி. முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். கடை பக்கம்தான். போய்விட்டு, கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து கராஜ் கதவைத் திறந்தால் உள்ளிருந்து சரக் சரக்கென்று சத்தம். பாத்திரம் துலக்குகிற சத்தம்.

சமையலறை சிங்க்கில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு உருண்டை புளி, பித்தளை விளக்கு தேய்க்கிற பவுடர் டப்பா, பச்சை ஸ்க்ரப்பர். நான் கேசரி கிண்டுகிற பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, மீதிக் கத்திகளை அதில் ஊறப் போட்டிருந்தார். தேய்த்து முடித்தவை டிஷ் டவலின்மேல் வரிசையாக இருந்தன. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் அவை மின்னியதைப் பார்த்து எனக்குக் கண் கூசியது. புதிதாக வாங்கிய எவர்சில்வர் கரண்டிகள் அப்படித்தான் மின்னும்.

"வந்துட்டியா? பாத்தியா, எவ்ளோ அழுக்கு" என்றார். கறுத்த புளித் தண்ணீரைக் காட்டினார். "நாளைக்கு பூஜை. இப்படியா வச்சிருப்பாங்க?"

அவருடைய அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் லேத் பட்டறை இருந்தது. பூஜைக்கு முதல் நாள் ஸ்பேனர், உளி, அரம் எல்லாவற்றையும் வேலையாட்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து பளபளக்கத் தேய்ப்பார்களாம். அந்தக் கைதான் இப்போது சிங்க்கில் வேலை செய்துகொண்டிருந்தது. பட்டறைக் காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் இருந்த வருஷங்களை, அந்த வருஷங்களில் சேர்த்த கத்திகளின் மேலிருந்து, அந்தக் கையே சுத்தமாக வழித்து எடுத்துவிட்டது.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தோல் வளையக் கைப்பிடிகள் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தன. சில முத்திரைகள் மங்கிப்போயிருந்தன. பிஸ்கட்டவே கத்தியைக் கண்டுபிடித்தேன். என் எலுமிச்சம்பழக் கறை இல்லை. ஒரு பொட்டு கூட இல்லை. கல்யாணமாகி வந்து இந்த மனிதரோடு அபார்ட்மென்ட்டில் குடித்தனம் நடத்தியதற்கு இருந்த அத்தாட்சியே போய்விட்ட மாதிரி இருந்தது. ஏன் இப்படிப் பண்ணினீர்கள் என்று கத்த வேண்டும் போல வாய் வரை வந்தது. யாரிடம் கத்துவது? கத்தியைத் தண்ணீரில் போட்டால் கத்துகிறவர் அவர்தான்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். அத்தனை கத்தியைத் தேய்த்தும் விரலில் ஒரு கீறல் இல்லை. நர்ஸ் கொடுத்த தாளை நினைத்துக்கொண்டேன். கூர்மையான பொருட்களாம்.

மறுநாள் பூஜையில் ஒவ்வொரு அலகிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். நான் தடுக்கவில்லை. இனிமேல் தடுத்து எதைக் காப்பாற்றப் போகிறேன்? அழகாகத்தான் வைத்தார், ஒரே அளவில், ஒரே இடத்தில். சாயங்காலம் சுண்டலுக்கு நண்பர் வருவதற்குள் சந்தனத்தின் ஈரத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் துரு கோடு போட ஆரம்பித்திருந்தது.

போனில் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கத்திகளை வைத்திருந்த மேசைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். எனக்காவது அரைகுறையாகத்தான் தெரியும். என்ன போயிற்று என்று அவருக்கு அடிவரை தெரியும். அதில் சில கத்திகள் அவர் கையால் தேடிக் கொடுத்தவை.

இவர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "நானே பண்ணினேன், எல்லாத்தையும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பதிலுக்குக் காத்திருந்தார். நண்பர் மான் கொம்புக் கத்தியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு, என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான கத்திகளை நான் பார்த்ததில்லை என்று சொன்னார். இவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நண்பர் கத்தியைப் பூ மாதிரி கீழே வைத்தார். டிரக்கில் எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரக்கின் கதவைத் திறக்கவே இல்லை. அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். சுண்டல் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு நானும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மனசு அப்போதும் ஒரு மூலையில் வழி தேடிக்கொண்டிருந்தது. தேய்த்தது பழைய பழக்கம். கை செய்த தப்பு. கை வேறு, மனசு வேறு. பாட்டினா போனால் போகட்டும், மனிதர் இருந்தால் போதும். மகனுக்கு நான் கொடுத்த வாக்கு கத்தி கெடாமல் இருப்பதைப் பற்றி இல்லையே. அவருக்குத் தெரிகிறதா என்பதுதானே. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன்.

எதிரில் போய் உட்கார்ந்தேன். தினமும் செய்கிற மாதிரியே மான் கொம்புக் கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் எடுத்தார். கட்டைவிரலால் அலகின் முதுகைத் தடவினார். குங்குமம் விரலில் ஒட்டியது. நான் காத்திருந்தேன். ஆப்பிள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்தக் கத்தியை எடுத்து எந்தக் கதையைச் சொன்னாலும் போதும். தப்பாகச் சொன்னாலும் போதும் என்று சாமி படத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேசை முழுக்க ஒருமுறை பார்த்தார்.

"நல்ல கலெக்‌ஷன். யாருது இதெல்லாம்?"

உங்களுதுதாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அறிமுகமில்லாதவர் வீட்டுக்கு வந்த மனிதர் காட்டுகிற மரியாதையான, கொஞ்சம் கூச்சமான முகம்.

"எங்க வீட்டுக்காரர் சேத்தது" என்றேன்.

"அப்படியா? ரசனையான மனுஷன்." சுண்டல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவர் வந்தா சொல்லுங்க, எல்லாத்தையும் நல்லா தேச்சுக் கழுவி வச்சிருக்கேன்னு. சந்தோஷப்படுவாரு."

"சொல்றேங்க" என்றேன்.